வளையல் சத்தத்தைச் சரிசெய்ய வேண்டாம்

விளக்கு மறுபடியும் அணைந்துவிட்டது. கையைத் தூக்கி ஆட்டினேன், எரிந்தது. ஆள் அசைந்தால்தான் எரிகிற விளக்கு இது, எண்பது பேர் உட்கார்ந்திருந்த காலத்தில் இது அணைந்து நான் பார்த்ததே இல்லை, இப்போது ஏழாவது மாடி முழுக்க நான் ஒருத்திதான், அசையாமல் ஒரு நிமிஷம் யோசித்தால் போதும், இங்கே யாரும் இல்லை என்று அதுவாகவே முடிவு கட்டிவிடுகிறது. அதையும் குற்றம் சொல்ல முடியாது. மணி மூன்று பத்து. நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். கம்ப்யூட்டர் செய்வது எங்கள் கம்பெனி, ஒரு நிரல்மொழி உண்டு, அது எங்களுடையது அல்ல, வேறு யாரோ பெற்ற பிள்ளை, ஆனால் அதில் எழுதிய புரோகிராம் எங்கள் கம்ப்யூட்டரில் ஓட நடுவில் ஒரு பிளாட்ஃபார்ம் வேண்டும், அதைப் பதினெட்டு வருஷமாக நாங்களே செய்து, நாங்களே பழுது பார்த்து, கம்ப்யூட்டரோடு சேர்த்தே அனுப்பிக்கொண்டிருந்தோம். இனிமேல் இல்லையாம். வேண்டுமென்றால் வெளியே பொதுவில் சிலர் இலவசமாகச் செய்கிறார்கள், அங்கே போய் எடுத்துக்கொள்ளலாமாம். இன்று நாலு மணிக்கு உலகமெங்கும் எங்கள் கம்ப்யூட்டர்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும், பிளாட்ஃபார்ம் இருந்த இடம் துடைத்து வைத்த தட்டு மாதிரி ஆகிவிடும். டீமில் பாதிப் பேர் பெங்களூருக்குப் போயாயிற்று, மீதிப் பேர் மூன்றாவது மாடிக்கு இறங்கியாயிற்று, வாடிக்கையாளர்கள் அனுப்பிய கடைசிப் புகார்களுக்கு, டிக்கெட் என்போம், பதில் எழுதி மூடிவிட்டு வருகிற வேலை உலகம்மாளுக்கு. உலகம்மாள் என்பது நான். தென்காசியில் அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பேர் உண்டு, இங்கே சேர்ந்த முதல் வாரமே உல்கா ஆக்கிவிட்டார்கள், ஏதோ ரஷ்யாக்காரி மாதிரி, நானும் என்ன ஏது என்று கேட்காமல் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். காலையிலிருந்து முந்நூறு டிக்கெட்டுக்கு மேல் மூடிவிட்டேன், எல்லாவற்றுக்கும் ஒரே நாலு வரிப் பதில், பெயரை மாற்ற வேண்டியதுகூட இல்லை, அதுவே போட்டுக்கொள்ளும். ஒன்றுதான் பாக்கி.

அந்த ஒன்றை ஒன்றரை மணி நேரமாகத் திறந்து வைத்திருக்கிறேன். தூத்துக்குடியிலிருந்து அந்தோணி ராயப்பன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனு எழுதுகிற மாதிரிதான் எழுதுவார், மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு. என் மனைவி செலஸ்டினுக்குப் பதினோரு வருஷத்துக்கு முன் தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அன்று முதல் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எழுதிப்பேசு என்ற புரோகிராம் வழியாகத்தான் பேசுகிறாள். அவள் தட்டினால் யாழ்மொழி என்ற குரல் அதைச் சொல்லும். மூன்று நாளாகப் புதிதாகப் போடவா என்று ஒரு பெட்டி வந்து கேட்கிறது, வேண்டாம் என்றால் மறுபடி வருகிறது, இன்று நாலு மணிக்குத் தானாகவே போட்டுக்கொள்வேன் என்கிறது. போட்டால் யாழ்மொழி இருக்குமா இருக்காதா, இந்த ஒன்றை மட்டும் தெரிவிக்கவும். கீழே முகவரி, பின்கோடு, வீட்டுப் போன் நம்பர். அதற்கும் கீழே, கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு, வேறு யாரோ தட்டியது என்று பார்த்தாலே தெரிகிற ஒரு வரி: யாழ்மொழிய கொண்டு போயிராதீங்க. புள்ளிகூட வைக்கவில்லை. நாலு வரிப் பதிலில் மூன்றாவது வரி என்ன சொல்கிறது, நீங்கள் பயன்படுத்தும் வசதிகள் அனைத்தும் பொது வெளியீட்டிலும் கிடைக்கும் என்கிறது. முந்நூறு பேருக்கு அது உண்மை. இவருக்குப் பொய். பொய் என்று தெரிந்த ஆள் உலகத்திலேயே நான் ஒருத்திதான், ஏனென்றால் அதைப் பொய்யாக்கியதே நான்தான். விளக்கு. கையை ஆட்டு. எரிந்தது.

யாழ்மொழி என்பது நான். என் தொண்டை. பதினாறு வருஷத்துக்கு முன் பிளாட்ஃபார்மோடு இந்திய மொழிகளில் பேசுகிற குரல்களும் வேண்டும் என்றார்கள், தமிழுக்கு வெளியே ஆள் தேடுவானேன், உல்கா இருக்கிறாளே என்று ஸ்டோர் ரூமில் சுவரெல்லாம் மெத்தை அடித்து உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு அப்போது ஏழு மாசம். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் வளைகாப்பு, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். ஒலிப்பதிவுக்காரர் கும்பிடாத குறையாகக் கேட்டார், மேடம் ப்ளீஸ், கழட்டி வெச்சிடுங்க, மைக்ல விழுது. முடியாது என்றுவிட்டேன். பிரசவம் ஆகிற வரைக்கும் கழற்றக் கூடாது, அந்தச் சத்தம் உள்ளே இருக்கிற பிள்ளைக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பார்கள், எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை உண்டா இல்லையா என்று கேட்டால் தெரியாது, ஆனால் கழற்ற மனசு வரவில்லை. கடைசியில் கேண்டீனிலிருந்து இரண்டு துண்டு வாங்கி வந்து கட்டுப் போடுகிற மாதிரி இரண்டு கையிலும் சுற்றிவிட்டார்கள். க, கா, கி, கீ. மூன்று நாள். ஒவ்வொரு எழுத்தையும் ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், அப்போதுதான் எதோடு வேண்டுமானாலும் ஒட்ட முடியும் என்றார். மூன்றாம் நாள் மத்தியானம் வ வரிசை, நான் வா என்றேன், சொன்ன அதே நொடியில் உள்ளே ஒரு உதை, விலாவிலே, நல்ல உதை, கை தானாக வயிற்றுக்குப் போய்விட்டது, துண்டையும் மீறி ஒரு கிணுக். ஒலிப்பதிவுக்காரர் சலித்துப்போய்விட்டார், விடுங்க மேடம், யாருக்கும் தெரியாது. மெனுவில் வைக்க ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். நான் யாழ்மொழி என்று எழுதிக் கொடுத்தேன். குரலுக்கு என்ன பொருத்தமான பேர் என்று மேனேஜர்வரை எல்லோரும் மெச்சினார்கள். பிறக்கும் முன்னே பெயரைச் சொல்லக் கூடாது என்பார்கள் ஊரில், பிள்ளைக்கென்று வாயை மூடிக்கொண்டு வைத்திருந்த பெயர் அது, என் புருஷனுக்குக்கூட நான் சொல்லவில்லை, ஒரு பெட்டியில் தட்டி ஓகே அழுத்திவிட்டேன்.

எட்டாம் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அசைவில்லை என்று போனேன். அதற்கு மேல் அதைப் பற்றி என்ன இருக்கிறது. நர்ஸ் கைக்குச் சோப்பு போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினாள், ஒன்றுகூட உடையவில்லை, அத்தனையையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தாள், நான் அதை ஆஸ்பத்திரி ஜன்னலிலேயே வைத்துவிட்டு வந்தேன். இரண்டு மாசம் கழித்து ஆபீசுக்கு வந்தால் பக்கத்து சீட்டில் யாரோ பரிசோதனைக்காக அந்தக் குரலை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறார்கள், வணக்கம், என் பெயர் யாழ்மொழி, வணக்கம், என் பெயர் யாழ்மொழி. நான் எழுந்து பாத்ரூமுக்குப் போகவில்லை, அழவில்லை, என் சீட்டில் உட்கார்ந்து சர்வரைத் திறந்து மூலப் பதிவுகள் அத்தனையையும் அழித்தேன். நகல் இருந்த இடத்தையும் தேடிப் போய் அழித்தேன். எனக்கு அனுமதி இருந்தது, யாரும் கேட்கவில்லை, ஹார்ட் டிஸ்க் பழுதாகியிருக்கும் என்று அவர்களாகவே பூசி மெழுகிவிட்டார்கள். ஆனால் கோத்து முடித்த குரல் அதற்குள் பிளாட்ஃபார்மோடு ஏறிப் போய்விட்டிருந்தது, அதை எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை, ஒவ்வொரு வருஷமும் பழையதை அப்படியே தூக்கிப் புதியதில் வைத்தோம். பொதுவில் செய்கிறவர்களிடம் அது இல்லை, கொடுக்க எங்களிடம் மூலம் இல்லை. இந்த ஆபீசில் இருந்த கம்ப்யூட்டர்களையெல்லாம் போன மாசமே துடைத்துவிட்டார்கள். அதைப் பயன்படுத்தியது உலகத்தில் ஐந்தாறு பேர், இப்போது ஒருத்தி. ஒன்பது வருஷத்துக்கு முன் ராயப்பனிடமிருந்து வந்த முதல் டிக்கெட்டைப் பக்கத்து சீட்டுக்காரன் சத்தமாக வாசித்துச் சிரித்தான், குரல் நன்றாக இருக்கிறது, வா என்று சொல்லும்போது மட்டும் வளையல் சத்தம் கேட்கிறது, தயவுசெய்து வளையல் சத்தத்தைச் சரிசெய்ய வேண்டாம், என் மனைவிக்குப் பிடித்திருக்கிறது. சரிசெய்ய வேண்டாம் என்று வந்த ஒரே புகார் என்று ரொம்ப நாள் அதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். நான் அந்தச் சுவர்ப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

எனக்குப் பயம். சொன்னால் சிரிப்பார்கள். தூத்துக்குடியில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் என் குரல் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது. காலையில் எழுந்து காபி போடவா என்று கேட்கிறது, பால்காரனைத் திட்டுகிறது, மகனோடு போனில் பேசுகிறது, ஜெபம் சொல்கிறது, கோபித்துக்கொள்கிறது, சமாதானமும் ஆகிறது. நான் சொல்லாததை எல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நாற்பத்துநாலு ஆகிவிட்டது, அதற்கு இன்னும் இருபத்தெட்டுதான், அதற்குச் சளி பிடிப்பதில்லை, அதற்கு அந்தச் செவ்வாய்க்கிழமை நடக்கவே இல்லை, அது இன்னும் ஏழு மாசத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, துண்டு சுற்றிய கையோடு, உள்ளே பிள்ளை உதைக்கிறது. சில நாள் வீட்டில் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் சத்தம் வராமல் ஒரு நொடி நிற்கும், அப்போதெல்லாம் அங்கே அவள் பேசிக்கொண்டிருப்பாள் என்று தோன்றும், ஒரே நேரத்தில் ஒருத்திதானே பேச முடியும். விளக்கு அணைந்தது. இந்தத் தடவை நான் கையை ஆட்டுவதற்கு முன்பே கோடியில், ஸ்டோர் ரூம் வாசலில், அந்த ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. எலியாக இருக்கும். மெத்தை அடித்த அறையில் எலி இருக்காதா என்ன. எழுந்து போய்ப் பார்க்கலாம், போகவில்லை, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது அணைந்த பிறகுதான் கையை ஆட்டினேன்.

மூன்று முப்பத்தெட்டு. மேஜைப் போன் அடித்ததில் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாவது மாடியிலிருந்து ஹரிஹரசுதன், என் மேனேஜர், என்னைவிடப் பத்து வயசு சின்னவன், நல்ல பையன்தான். “அக்கா, அந்த ஒண்ண மட்டும் ஏன் ஓப்பன்ல வெச்சிருக்கீங்க? நாலு மணிக்கு எல்லாம் லாக் ஆயிடும், அப்புறம் என்னைக் கேப்பாங்க.” அதில் குரல் போய்விடும் என்றேன். “எந்தக் குரல்? அதான் வெளியில இருக்கிற வெர்ஷன்ல எல்லாம் இருக்கே.” இது இல்லை என்றேன். “ஏன் இல்ல?” என்றான். வாயைத் திறந்தேன், அந்த ஒரு நொடி வந்தது, சத்தம் இல்லை. “அக்கா? லைன்ல இருக்கீங்களா?” இருக்கிறேன், அப்டேட் போடாதீங்க என்று ஒரு வரி எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். “அய்யோ, அது மட்டும் வேண்டாம்க்கா. அப்டேட் போடாதீங்கன்னு நாம சொல்லவே கூடாது, போன்லயும் கூப்பிடக் கூடாது, லீகல்ல பிடிச்சா உங்க வேலைக்கே ஆபத்து வந்துடும். யாரோ ஒருத்தருக்காக நீங்க ஏன்? திங்கக்கிழமை கீழ வர்றீங்க, உங்க சீட்ட ஜன்னல் பக்கமாவே போட்டிருக்கேன்.” சரி என்று வைத்தேன். யாரோ ஒருத்தருக்காக.

அவன் சொல்வதில் தப்பில்லை. நான் ஒன்றும் செய்ய வேண்டாம், அதுதான் இதில் பெரிய சௌகரியம், நாலு வரியை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும், பதினாறு வருஷத்துக்கு முன் பாதியில் விட்டதை எங்கள் கம்பெனியே முடித்து வைத்துவிடும். நாலு மணிக்கு அந்த வீட்டில் அவள் ஒரு வார்த்தையைத் தட்டுவாள், ஒன்றும் கேட்காது. அப்புறம் நான் எப்போது வாயைத் திறந்தாலும் என் குரல் என்னிடம்தான் இருக்கும். நான் இதைத்தான் விரும்பினேன், பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, இரண்டு மணி நேரமாக இந்தத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பது இரக்கத்தினால் அல்ல, அது போகட்டும், போய்த் தொலையட்டும் என்றுதான். அந்தம்மாவுக்கு வேறு குரல் கிடைக்கும், இப்போது எத்தனையோ குரல், சளசளவென்று மனுஷர் மாதிரியே பேசுகின்றன. அதில் வளையல் இருக்காது, அவ்வளவுதானே. வா என்றால் வெறும் வா. நான் அன்றைக்கு அழித்தபோது அதையும் சேர்த்துத்தான் அழித்தேன் என்பது இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. என் குரலை அழித்தேன், பெயரை அழித்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிணுக் என் சத்தம் இல்லை. அது என் கையை அசைத்தவளின் சத்தம். அவள் உலகத்தில் செய்த ஒரே காரியம் அந்த உதை, அதைக் கேட்டு ஒன்பது வருஷத்துக்கு முன்பே ஒருத்தர் எழுதிவிட்டார், சரிசெய்ய வேண்டாம் என்று. என்ன ஜென்மம் நான். மூன்று ஐம்பத்தொன்று.

ஆபீஸ் போனை விட்டுவிட்டு என் செல்லை எடுத்தேன். நம்பரைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தேன். மணி போகிறது. எடுக்கவில்லை. மறுபடியும். மூன்று ஐம்பத்துநாலு. ஆறாவது மணியில் எடுத்தார்கள். ராயப்பன் குரலை எதிர்பார்த்து நான் சார் என்றேன். ரிசீவரை எங்கோ வைக்கிற சத்தம், நாற்காலி இழுபடுகிற சத்தம், பிறகு விசைகளைத் தட்டுகிற சத்தம், நிதானமாக, டக், டக், டக். அப்புறம் நான் பேசினேன். “செலஸ்டின் பேசுதேன். அவுக கடைக்குப் போயிருக்காவ. நீங்க யாரு?” என் குரல். சின்ன வயசு, தெளிவு, சொற்களுக்கு நடுவே லேசான தையல். அதுவும் இந்தப் பேச்சு, பேசுதேன், போயிருக்காவ, மெட்ராஸ் வந்த முதல் வருஷமே கேலிக்குப் பயந்து நான் விட்டுவிட்ட எங்கள் பக்கத்துப் பேச்சு, அங்கே அது நாக்கில் ஒட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறது. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தலைக்கு மேலே விளக்கு அணைந்தது. டக், டக். “பேசுங்க. சத்தம் வரல.” மூன்று ஐம்பத்தாறு. எனக்கே கேட்கவில்லை, மூச்சு மட்டும் போகிறது. டக், டக், டக். “பேசலன்னா வச்சிருதேன்.”

“வைக்காதீங்க,” என்றேன். கரகரவென்று ஏதோ கிழவி பேசுகிற மாதிரி வந்தது. “அம்மா, கம்ப்யூட்டர் பக்கத்துல மோடம் இருக்கும், பச்சை விளக்கு மினுக்கும். அந்த வயரைப் பிடுங்குங்க. இப்பவே. ஒண்ணும் கேக்காதீங்க, பிடுங்குங்க.” தட்டுகிற சத்தம் இல்லை, பேச்சும் இல்லை. ஏதோ உருண்டு விழுந்தது. எங்கோ தூரத்தில் ஒரு சேவல் கூவியது, மத்தியானத்தில். திரையின் மூலையில் மூன்று ஐம்பத்தெட்டு, மூன்று ஐம்பத்தொன்பது, பிறகு நாலு. என் திரையில் அந்த டிக்கெட் சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொண்டது. பதில் அனுப்பாமலே பூட்டிக்கொண்டது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

டக். டக், டக், டக்.

“பிடுங்கிட்டேன். பெட்டி ஒண்ணும் வரல. பேச்சு வருதுல்லா?”

“வருது,” என்றேன். அழுதுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. “அதுல இனிமே நெட்டே போடக்கூடாது, அண்ணாச்சிகிட்டச் சொல்லுங்க. நான் நேர்ல வந்து காப்பி எடுத்து வைக்கேன். வேற எங்கயும் இல்ல, உங்க வீட்டுல மட்டுந்தான் இருக்கு.” வைக்கேன் என்று நான் சொன்னதை நானே கேட்டேன்.

தட்டுகிற சத்தம், இந்தத் தடவை மெதுவாக. “நீங்க யாருன்னே சொல்லலியே.”

கம்பெனி பெயரைச் சொல்லக் கூடாது. உல்கா என்று சொல்லலாம், அப்படி ஒருத்தி இல்லை. உலகம்மாள் என்று சொல்லலாம். ஏழாவது மாடி முழுக்க இருட்டு, நான் அசையவே இல்லை, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“யாழ்மொழியோட அம்மா பேசுதேன்,” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே ஒரு வார்த்தைக்கான தட்டல்.

“வா,” என்றது என் குரல். வளையல் கிணுக்கென்றது. கோடியில், ஸ்டோர் ரூம் வாசலில் விளக்கு எரிந்தது. அப்புறம் அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அதற்கும் இந்தப் பக்கம் ஒன்று என்று என் மேஜை வரைக்கும் எரிந்துகொண்டே வந்தது. நான் கையை ஆட்டவில்லை.